அம்மை வார்டில் ஒரு நல்ல தூக்கம்

இருபத்தொன்பது வயதில் ஓய்வு பெற்றவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கண் மங்கவில்லை, கை நடுங்கவில்லை. கல்யாணம் நிச்சயமாயிற்று, அவ்வளவுதான். கல்யாணமான பெண் நர்ஸாக இருக்கக் கூடாது என்பது எங்கள் சுரங்க ஆஸ்பத்திரியின் விதி. ஊசி போடக் குனியும்போது தாலி இடிக்கும் என்று பயந்தார்களோ என்னவோ. எங்கள் வீட்டில் பௌத்த முறைக் கல்யாணம், தாலி கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். "அப்படின்னா அது கல்யாணமே இல்லையே" என்றார் மேட்ரன். "அப்போ வேலையில இருந்துக்கட்டுமா?" என்றேன். பதிலாக ஓய்வுக் கடிதம் வந்தது.

விடைபெறும் நாளில், புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பெண்கள் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார்கள். சுரங்கக் கூண்டை இயக்கும் இன்ஜின் வீட்டில் அந்த வாரம்தான் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். 'உறக்கம் வந்தால் உடனே மேலதிகாரியிடம் தெரிவிக்கவும்.' அதைப் படித்துவிட்டு வந்த பெண் கேட்டாள்:

"யாருனா போய் சொல்லிகீறாங்களாக்கா?"

"சொல்றதுக்கு முழிச்சிகினு இருக்கணுமே" என்றேன்.

சிரித்துவிட்டு, டிரைவர் இருதயராஜ் விஷயம் உண்மையா என்று கேட்டார்கள். ஆளுக்கொரு விதமாகக் கேள்விப்பட்டிருந்தார்கள். ஒருத்தி கேள்விப்பட்ட கதையில் நான் இன்ஜினியரைக் கன்னத்தில் அறைந்திருந்தேன். அறையவில்லை. மற்றவர்கள் என் கதையை இன்னும் அழகாக்குவதற்கு முன்னால் நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது.

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். அப்பா முனிசாமி சுரங்கத்துக்குள் கல் வண்டி தள்ளினார். நான் மெட்ரிக் தேறி, பெங்களூரில் நர்ஸ் பயிற்சி முடித்தேன். எலும்புகளின் பெயர்களையும் வார்டு சிஸ்டர்களின் வசவுகளையும் சம அளவில் கற்றுக்கொண்டேன். பயிற்சியைப் பற்றி அது போதும். திரும்பி வந்த அன்று அம்மா என்னை வெள்ளைத் தொப்பியோடு தண்ணீர்க் குழாய்வரை நடக்கச் சொன்னாள். குழாயடியில் எனக்கு வேலை எதுவும் இல்லை. இருந்தாலும் நடந்தேன், தலையை நிமிர்த்திக்கொண்டுதான்.

இவ்வளவு படித்தவளுக்குச் சுரங்கத்தில் கொடுத்த வேலை, ஆண்களின் வாயை முகர்ந்து பார்ப்பது.

அது ஏன் என்று சொல்ல வேண்டும். சுரங்கத்துக்குள் ஆட்கள் கூண்டில் இறங்குகிறார்கள். கூண்டு கம்பிக் கயிற்றில் தொங்குகிறது. அந்தக் கயிற்றைச் சுற்றவும் விடவும் ஒரு பெரிய இன்ஜின். அதன் முன்னால் லீவரைப் பிடித்து உட்கார்ந்திருப்பவரைத்தான் நாங்கள் டிரைவர் என்போம். அவர் கண்ணுக்குக் கூண்டும் தெரியாது, ஆட்களும் தெரியாது. கீழே இருக்கிறவன் மணி அடிப்பான். ஆள் ஏறினால் ஒரு மணி, கல் ஏறினால் வேறு மணி. டிரைவர் அதே மணியைத் திருப்பி அடித்துவிட்டு லீவரை அசைக்க வேண்டும். எதிரே ஒரு பெரிய டயல், அதில் ஒரு முள். கூண்டு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை அந்த முள்தான் சொல்லும். நாற்பது உயிர் ஒரு முள்ளின் நுனியில் இருக்கும். கண் ஒரு முறை சொக்கினால் போதும்.

கண் ஏன் சொக்குகிறது? நிர்வாகத்துக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்று, சாராயம். ஆகவே ஷிஃப்டுக்கு முன்னால் நான் இன்ஜின் வீட்டு வாசலில் நிற்பேன். டிரைவர் வந்து 'ஆ' என்று வாயைத் திறப்பார். நான் முகர்வேன். பிறகு தரையில் சுண்ணாம்பால் போட்ட கோட்டின் மேல் அவர் நடக்க வேண்டும், கண்ணை மூடி மூக்கைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் அவர் யோக்கியர்.

"இன்னா சிஸ்டரம்மா, இன்னிக்கு இன்னா கொழம்பு சொல்லு?"

"கருவாடு."

"கூட?"

"கத்திரிக்கா. வாய மூடுண்ணா, போதும்."

ஒவ்வொரு டிரைவர் வீட்டு அடுப்பும் எனக்கு மனப்பாடம். இருதயராஜ் என்ற டிரைவர் மட்டும் இப்படிப் பேச்சுக் கொடுக்கமாட்டார். மாதா கோயிலில் மதுவிலக்குச் சங்கத்துக்குச் செயலாளர். சாராயக் கடை இருக்கும் தெருவைத் தவிர்க்கச் சுற்றிப் போகிறவர். வந்து வாயைத் திறந்து, மூக்கைத் தொட்டு, கோட்டில் நடந்து உள்ளே போய்விடுவார். கோட்டில் அவரைப் போல் நேராக நடந்தவர் யாருமில்லை. அவர் கண்கள் மட்டும் எப்போதும் வெங்காயம் உரித்தவர் கண்களைப் போலச் சிவந்திருக்கும். கண்ணைப் பார்க்கச் சொல்லி எனக்கு உத்தரவு இல்லை.

இன்ஜின் வீடுகளுக்கு மேலதிகாரி ஓர் இன்ஜினியர். வெள்ளைக்காரத் துரைகள் கப்பலேறியபோது பங்களா, தொப்பி, பட்லர், பகல் தூக்கம் எல்லாவற்றையும் இங்கேயே விட்டுப் போனார்கள். எங்கள் இன்ஜினியர் அதில் எதையும் வீணாக்கவில்லை. பேசும்போது எதிராளியின் தலைக்கு ஒரு முழம் மேலே பார்ப்பார். கேள்வியும் அவருடையது, பதிலும் அவருடையது. "ஏன் தூங்கறான்? குடிக்கறான். ஏன் குடிக்கறான்? திமிர்." இடையில் நமக்கு வேலையே இருக்காது.

மதியம் சாப்பிட்டபின் அவர் தூங்குவார். அந்த நேரத்தில் பங்களா வாசலில் ஒரு காவல்காரன் நீண்ட மூங்கிலோடு காக்கை ஓட்டுவான். பக்கத்துப் பூதிகோட்டைக் கிராமத்திலிருந்து கோழி முட்டை கொண்டுவரும் பெண்கள்கூட அந்த ரோட்டில் கூவக் கூடாது. கூடையை இறக்கிவிட்டுக் கையைக் காட்டித்தான் விற்க வேண்டும். தூக்கத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நிர்வாகத்துக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

டிரைவர்கள் விழித்திருக்க அவர் ஒரு கருவி கண்டுபிடித்தார். அடிக்கடி 'கிர்ர்' என்று ஒலிக்கும். ஒலித்ததும் டிரைவர் பக்கத்தில் இருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் வெளியே சிவப்பு விளக்கு எரியும். திறப்பு விழாவுக்கு மிக்சரும் லட்டும் கொடுத்தார்கள். "இனிமே எவனும் தூங்க முடியாது" என்றார் இன்ஜினியர், எங்கள் தலைக்கு மேலே பார்த்து.

கொஞ்ச நாளில், ஆட்களோடு இறங்கிய கூண்டு, நிற்க வேண்டிய கடைசி லெவலைத் தாண்டிப் போய், ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழியின் அடியில் தேங்கியிருந்த தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. ஆட்கள் போட்ட கூச்சலோடு யாரோ மணிக் கயிற்றை இழுக்க, கூண்டு நின்று மேலே வந்தது. உயிர்ச்சேதம் இல்லை. இன்ஜினை ஓட்டியவர் இருதயராஜ். சிவப்பு விளக்கு எரியவே இல்லை.

அந்தக் கூண்டில் என் அப்பா இருந்தார்.

"சம்பளமும் குடுத்து குளிப்பாட்டியும் உட்டாங்க பாப்பா" என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தார். "சோப்புதான் குடுக்கல." அம்மா சோறு போட்டாள். சோற்றில் கை வைத்தார், தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: "கழுத்து மட்டும் தண்ணி வந்துது. பக்கத்துல நின்னவன் என் தோள்மேல ஏறிட்டான். அவன் மேல தப்பு இல்ல." கையைக் கழுவிக்கொண்டே, "இருதயராஜ் குடிக்கிற ஆளு இல்ல பாப்பா. அவன் கண்ணு செத்துப்போய்கீது" என்றார்.

மறுநாள் இன்ஜினியர் என்னைக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், நீ மோந்து பாத்தியா? பாத்தே. வாசனை வந்துதா? வந்துது. எழுதிக் குடு."

"வரல சார். வெந்தயக் கீரை வாசனைதான் வந்துச்சு."

முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "அப்போ உன் மூக்கு சரியில்ல."

"மூக்கு சரியாத்தான் இருக்கு சார். அவர் குடிக்கல. தூங்கிட்டார்."

"தூங்க முடியாது. பட்டன் அமுக்கியிருக்கான், ஒண்ணுகூட விடல."

வேலை போனால் இருதயராஜுக்குக் கம்பெனி கொடுத்த லைன் வீடும் போகும். நான்கு பிள்ளைகளோடு தெருவுக்கு வர வேண்டும். அதோடு 'குடிகாரன்' என்ற பெயரையும் கொண்டுபோக வேண்டும். குடிக்காதவனுக்கு அது இரண்டாவது தண்டனை. ஆனால் அவரை அப்படியே லீவர் முன்னால் உட்கார வைத்தால், அடுத்த முறை என் அப்பா திரும்பி வரமாட்டார். இரண்டு பக்கமும் எனக்குத் தெரிந்தவர்கள். எனவே மூக்கை விட்டுவிட்டு, கண்ணைப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்தேன்.

பகலில் இருதயராஜ் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. ராத்திரி ஷிஃப்ட் முடித்தவர் சுவரோரம் பாயில் கிடந்தார். வாசலுக்கு நேரே பொதுக் குழாய், அங்கே குடங்களின் சண்டை. பக்கத்து வீட்டில் மிளகாய் இடிக்கிறார்கள், இவர் தூக்கத்திலேயே தும்முகிறார். பாலகாட் சுரங்க லைன் பக்கம் ஏதோ கல்யாணம், மைக்செட் அலறுகிறது. போதாததற்குச் சுரங்கத்தின் சங்கு. சங்கு ஊதினால் எங்கள் ஊரில் எவருக்கும் நெஞ்சு நிற்கும். ஷிஃப்ட் சங்கா, விபத்துச் சங்கா என்று நிதானிக்கும்வரை மூச்சு விடமாட்டோம். அவரும் எழுந்து உட்கார்ந்தார், காதைத் தீட்டினார், மறுபடி சாய்ந்தார்.

இதற்கு மேல் ஷிஃப்ட் முறை. ஒரு வாரம் பகல், அடுத்த வாரம் ராத்திரி, அதற்கடுத்த வாரம் இரண்டாவது ஷிஃப்ட். உடம்பு ஒன்றைப் பழகுவதற்குள் வாரம் முடிந்துவிடும்.

"எப்பவும் இப்பிடித்தானாக்கா?" என்றேன் அவர் மனைவி ஃபிலோமினாவிடம்.

"இது பரவால்ல சிஸ்டரம்மா. கைய பாருங்க."

பார்த்தேன். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தவரின் வலது கை பாயிலிருந்து எழுந்தது. தலைமாட்டில் கவிழ்த்திருந்த சொம்பின் அடியைக் கட்டை விரலால் அமுக்கியது. திரும்பிப் போய் நெஞ்சின்மேல் படுத்துக்கொண்டது. சற்று நேரம் கழித்து மறுபடி வந்தது, அமுக்கியது, போனது.

"சொம்ப எடுத்துட்டா என் மண்டைய அமுக்குறாரு" என்றாள் ஃபிலோமினா. "அதான் வெச்சிகீறேன்."

இன்ஜினியரின் கண்டுபிடிப்பு இப்படித்தான் வேலை செய்துகொண்டிருந்தது. மனிதன் தூங்கினான், கட்டை விரல் மட்டும் ஷிஃப்ட் பார்த்தது.

போய்ச் சொன்னேன். "சொம்பா?" என்றார் இன்ஜினியர். அறிவியல் உரையாடலில் சொம்பு வரக் கூடாது என்பதுபோல் இருந்தது அவர் முகம். "பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது. களைச்சவன் கல்லு மேலயும் தூங்குவான், சிஸ்டர்."

அவருடைய மச்சினர் விமானம் ஓட்டுகிறவர். அதை ஊரில் அறியாதவர் இல்லை, இன்ஜினியர் அறிவிக்காமல் விடமாட்டார். விமானம் ஓட்டிவிட்டு வந்தால் மச்சினருக்குக் கம்பெனி ஓட்டலில் அறை கொடுக்கிறது, ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போடுகிறது, அவரே எழுந்திருக்கும்வரை டெலிபோன்கூடக் கொடுக்கமாட்டார்கள் என்று திறப்பு விழாவில் லட்டு தின்றுகொண்டே அவர் சொன்னது எனக்கு நினைவிருந்தது.

"ஏரோப்ளேன்ல எத்தனை பேர் சார் போவாங்க?"

"நாப்பது பேர்."

"நம்ம கூண்டுலயும் அதே நாப்பதுதான் சார். மேல ஏத்தறவருக்குக் கறுப்புத் திரை. கீழ இறக்கறவருக்குக் கிர்ர்."

மறுபடி என் தலைக்கு மேலே பார்த்தார். நியாயம் அவரை அசைத்தது என்று சொன்னால் அது அவரைப் பற்றிய அவதூறு. லைசென்ஸ் உள்ள டிரைவர்கள் குறைவு. ஒருவருக்கு மஞ்சள் காமாலை. வேறொரு ஷாஃப்டிலிருந்து மாற்றாள் வரும்வரை இருதயராஜை விட்டால் ஆள் இல்லை. "அதுவரைக்கும் ஓட்டட்டும். உன் திரை கிரை எல்லாம் நீயே பாத்துக்கோ. மாத்தாள் வந்த அன்னிக்கு அவன் வீட்டுக்குப் போறான்" என்றார்.

எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், மற்றக் கட்டடங்களிலிருந்து தள்ளி, அம்மை வார்டு என்று ஒன்று இருந்தது. அம்மை நோயாளிகளை ஒதுக்கி வைக்க வெள்ளைக்காரர்கள் கட்டியது. தடித்த சுவர், சிறிய ஜன்னல், வாசலில் மஞ்சள் கொடி. வருடக்கணக்காகக் காலி. ஆனாலும் அந்தப் பக்கம் யாரும் நடக்கமாட்டார்கள், பேச்சைக்கூடத் தாழ்த்திக்கொள்வார்கள். இந்த ஊரில் பங்களா ரோட்டைத் தவிர அமைதியான இடம் அது ஒன்றுதான். டாக்டரிடம் கேட்டேன். "சும்மா கெடக்கறதுக்கு எவனாவது தூங்கட்டுமே" என்று கையெழுத்துப் போட்டார். ஜன்னலுக்குப் பழைய கம்பளி கட்டினேன். சங்குச் சத்தத்தை நிறுத்த முடியாது, காதுக்குப் பஞ்சு கொடுத்தேன். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்த இருதயராஜ் கட்டிலையும் மெத்தையையும் பார்த்து, "யாருனா செத்தாங்களா இதுல?" என்றார்.

"நெறைய பேர். படுண்ணா."

படுத்தார். மாலைவரை கை எழவில்லை. நான் எட்டி எட்டிப் பார்த்தேன்.

அதற்குள் லைன் முழுக்கச் செய்தி போய்விட்டது. இருதயராஜுக்குப் பெரியம்மை. ஃபிலோமினா உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். ராத்திரி அவர் இன்ஜின் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பது லைனில் எவர் கண்ணிலும் படாது, யாரும் கேட்கவில்லை. அவள் வாசலில் வேப்பிலை கட்டினார்கள். குழாயடியில் அவளுக்கு மட்டும் வழிவிட்டார்கள். "வரிசையில நிக்காம தண்ணி புடிக்கிறேன். மாதா ஒண்ணும் சொல்லமாட்டா" என்று அவளும் வேப்பிலையை அவிழ்க்காமல் விட்டுவிட்டாள். மற்ற டிரைவர்களுக்கோ விஷயம் தெரியும். ஒருவர் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார்.

"எனக்கும் அம்மை போட்டுகீது சிஸ்டரம்மா."

"எங்கண்ணா? ஒண்ணும் காணோமே?"

"உள்ளுக்குள்ள போட்டுகீது."

ராத்திரி ஷிஃப்ட் பார்த்த டிரைவர்கள் எல்லோருக்கும் உள்ளுக்குள் போட்டது. வார்டில் குறட்டை ஏறியது. நோய் பரவுகிறது என்று பங்களாவுக்குச் சேதி போனது. இன்ஜினியர் மூக்கில் கைக்குட்டையோடு மஞ்சள் கொடிக்கு அப்பால் வந்து நின்றார். "எத்தனை கேஸ்?" என்றார். "ஒண்ணுமில்ல சார், தூங்கறாங்க" என்றேன். "மறைக்காதே சிஸ்டர்" என்றார். அன்று மாலை பங்களாக்காரர்கள் எல்லோருக்கும் அம்மை குத்த வேண்டியிருந்தது. அவர் கையை நீட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குக் கொஞ்சம் அக்கறையோடு அழுத்திக் குத்தினேன்.

இத்தனை நாளும் இருதயராஜ் ஓட்டிய கூண்டு லெவலுக்கு ஒரு விரல்கூடத் தப்பவில்லை. அப்பா ஏறி இறங்கினார். "தொட்டில்ல போட்டு எறக்கறாப்பல கீது" என்றார். இன்ஜினியரிடம் சொன்னேன். "மாத்தாள் நாளைக்கு வர்றான்" என்றார்.

மாற்றாள் வந்த அதே நாளில், சுரங்கத்தைப் பார்வையிட அரசாங்க அதிகாரி ஒருவரும் வந்தார். இன்ஜினியர் அவரைக் கூட்டிக்கொண்டு கூண்டில் இறங்க வேண்டும். இருதயராஜுக்கு அன்று மதியத்துக்கு மேல் தொடங்கும் இரண்டாவது ஷிஃப்ட். வந்ததும் வேலையை விட்டு நிறுத்துவதாக ஏற்பாடு. அன்று விடியற்காலைதான் ராத்திரி வாரத்தை முடித்தவர், வார்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.

அதிகாரியை இறக்குவதற்காகக் காலையிலேயே வரவழைத்திருந்த மாற்றாள், பாவம், தன் ஷாஃப்டில் ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு நேராக வந்திருந்தார். வாயைத் திறந்தார், முகர்ந்தேன். கோட்டில் நடந்தார். மூக்கைத் தொட்டார். பிறகு முகமே இரண்டாகப் பிளக்கும்படி ஒரு கொட்டாவி விட்டார்.

இன்ஜினியர் அதைப் பார்த்தார்.

"குடிக்கல சார்" என்றேன். "விதிப்படி சரியா இருக்கார்."

இன்ஜினியர் கூண்டுப் பக்கம் பார்த்தார். என்னைத் தள்ளிக்கொண்டு போய் மெல்லக் கேட்டார்: "இருதயராஜ் எங்கே?"

"தூங்கறார் சார்."

"எழுப்பு."

"எழுப்பினா அவரும் இவர மாதிரிதான் வருவார் சார்."

அவர் முகத்தில் கணக்கு ஓடியது. திரும்பி, அரசாங்க அதிகாரியிடம் முதலில் டீ சாப்பிடலாம் என்றார். டீ சாப்பிட்டார்கள். ஆபீஸைச் சுற்றிக் காட்டினார். தோட்டத்து ரோஜாவைக் காட்டினார். மதியச் சாப்பாடும் ஆயிற்று. தன் வழக்கமான தூக்கத்தைக்கூட விட்டுவிட்டு, ஒரு டிரைவரின் தூக்கம் முடிவதற்காக இன்ஜின் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஷிஃப்டுக்கு நேரமானபோது இருதயராஜ் முகம் கழுவி, தலை வாரி வந்தார். வேலை போகப்போகிறது என்று அவருக்குத் தெரியும். சுத்தமான சட்டை போட்டிருந்தார். வாசலில் இன்ஜினியரைக் கண்டதும் நின்றுவிட்டார்.

இன்ஜினியர் எழுந்து அவர் அருகில் வந்தார். அவர் கண்களையே உற்றுப் பார்த்தார்.

"நல்லா தூங்கினியா?"

இருதயராஜ் கையெடுத்துக் கும்பிட்டார். "இல்ல சார்! மாதா மேல சத்தியமா தூங்கவே இல்ல சார்!"

இன்ஜினியரின் முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்தார்.

"தூங்கினார் சார்" என்றேன். "கொறட்டைய நானே கேட்டேன்."

அதற்கப்புறம்தான் அவர் அதிகாரியோடு கூண்டை நோக்கி நடந்தார். ஆள் மணி அடித்தது. இருதயராஜ் அதே மணியைத் திருப்பி அடித்து லீவரை அசைத்தார். கூண்டு இறங்கி நின்றபோது கம்பிக் கயிறு துள்ளவில்லை. மேலே வந்ததும் இன்ஜினியர், டிரைவர்களுக்கு ஓய்வறை வைத்திருப்பது தம்முடைய யோசனை என்று அரசாங்க அதிகாரியிடம் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டு போனார். மாற்றாளைத் தூங்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடும்படி போகிற போக்கில் உத்தரவு போட்டார். இருதயராஜை நிறுத்துவது பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

நான் உள்ளே போனேன். இருதயராஜ் டயலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னா சிஸ்டரம்மா, தூங்கனத காட்டிக் குடுத்துட்டியே? வேல பூடுச்சா?"

"தூங்கனதாலதாண்ணா வேலயே தங்கிச்சு."

அவர் நம்பவில்லை. ஷிஃப்ட் முடியும்வரை, பார்க்கிறவர்களுக்கெல்லாம் தெரியும்படி, இரண்டு கண்களையும் அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.